டெல்றோஸ் சலூனின் மீளெழுச்சி

செயலகத்திலிருந்து வந்த மூன்று பேரும் அன்ரனெற்றிடம் முதலில் கேட்டது, கதிரைகள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்பதைத்தான்.

எக்ளின்ரன் மேற்கு வீதியில், லிற்றில் ஜமெய்க்கா என்று சனம் சொல்கிற துண்டில், பூட்டிக் கிடந்த ஒரு சலூனுக்கு மேல்மாடியில் அவள் குடியிருந்தாள். வயது ஐம்பத்தொன்பது. ஊர் மன்னார். கணவன் மரியரட்ணம் போய்ச் சேர்ந்து எட்டு வருடம். மகன் லெஸ்லி மில்லிக்கனில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து, காருக்குள் இருந்தபடியே அம்மாவுக்குப் போன் எடுப்பான். பிள்ளைகள் பின்சீற்றில் சண்டை பிடிக்கத் தொடங்கியதும் வைத்துவிடுவான்.

கீழே இருந்த சலூனில் அன்ரனெற் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவள். தலை கழுவுவாள், தரை கூட்டுவாள், துவாய் தோய்ப்பாள். சலூன் மிஸ் டெல்றோஸுடையது. ஜமெய்க்காவிலிருந்து இருபது வயதில் ஆரோ வீட்டுத் தரை துடைக்க வந்து, எட்டு வருடம் துடைத்து, பிறகு சொந்தமாக ஒரு தரையை வாடகைக்கு எடுத்த மனுசி. சனிக்கிழமைகளில் பன்னிரண்டு பெண்கள் காத்திருப்பார்கள். பின்னல் போட ஐந்து மணித்தியாலம் எடுக்கும். அந்த ஐந்து மணித்தியாலத்துக்குள் ஒரு கலியாணம் பேசி முடியும், ஒரு கலியாணம் குழம்பும். அன்ரனெற்றுக்கு இங்கிலிஷ் வந்தது அங்கேதான். அதனால் அவளுடைய இங்கிலிஷ் பாதி மன்னார், பாதி கிங்ஸ்ரன்.

பிறகு நிலத்துக்குக் கீழே ரயில் விடுவதற்காக வீதியைக் கிண்டினார்கள். வருடக்கணக்கில் வேலி, புழுதி, பலகைப் பாதை. வந்துபோன பெண்களுக்குக் கதவைக் கண்டுபிடிக்கவே கஷ்டமாயிற்று. கட்டிடம் கைமாறியது. புதிய சொந்தக்காரர் வாடகையை உயர்த்திக் கடிதம் போட்டார். மிஸ் டெல்றோஸ் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, கதிரைகளை விற்று, ஒஷாவாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனாள். கண்ணாடிக்குக் கடதாசி ஒட்டினார்கள். அது நடந்து நாலு வருடம்.

அந்த நாலு வருடத்தில் சில நாட்கள் அன்ரனெற் ஒரு சொல்லும் பேசாமலே படுக்கப் போயிருக்கிறாள். போன் அடித்தால், குரல் இருக்கிறதா என்று ஒருதரம் செருமிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள். ஆகவே மூன்று பேர் படியேறி வந்து, கதவைத் தட்டி, அவளுடைய பெயரைச் சொல்லி, கதிரைகளைப் பற்றிக் கேட்டபோது, அவள் அவர்களை இருத்தித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொன்னாள்.

வந்தவர்கள் அயல் நினைவு மீளெழுச்சிச் செயலகம் என்ற இடத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவர் பணிப்பாளர் கொலின் வெதர்பி. மெல்லிய குரல், ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் கண்ணை மூடித் திறப்பார். இன்னொருவர் அளவெடுப்பவர். மூன்றாவது, இணைப்பாளர் நிலக்சி. ஸ்காபரோவில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. அன்ரனெற்றுக்கு விளங்காதவற்றை விளக்குவதற்காகக் கூட்டிவந்தார்கள்.

"அன்ரி, இந்த ஏரியாவின்ர பிளாக் ஹிஸ்ரறியை நாங்கள் றிவைவ் பண்ணப்போறம்," என்றாள் நிலக்சி. "இந்த புளொக்கில அந்த நேரம் இருந்து இப்பவும் இருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான். யூ ஆர் தி கொம்யூனிற்றி."

தான் கறுப்பினத்தவள் இல்லையே என்று அன்ரனெற் சொன்னாள். அது தங்களுக்குத் தெரியும் என்றும், படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை, தபால் குறியீடு மட்டும்தான் இருக்கிறது என்றும் நிலக்சி சொன்னாள்.

அடுத்த ஆறு கிழமையும் அவர்கள் வந்துபோனார்கள். சுவரின் நிறத்தைக் காட்ட நூற்றிநாற்பது மஞ்சள்கள் அடங்கிய ஒரு விசிறியைக் கொண்டுவந்தார்கள். எத்தனை சீப்பு என்று கேட்டார்கள். ஒருநாள் மணத்துக்கென்றே ஒரு நிபுணர் வந்தார். பதினாலு சின்னப் போத்தல்களை வரிசையாக வைத்து, சலூனின் மணம் எது என்று கேட்டார். அன்ரனெற் பதினாலையும் முகர்ந்தாள். எதுவும் இல்லை என்றாள். சூடாக்கிய இரும்புச் சீப்பு மயிரில் படுகிற மணம், தேங்காயெண்ணெய், பக்கத்துக் கடைக்காரன் கோழி வாட்டுகிற புகை, மழை நாளென்றால் பன்னிரண்டு பேரின் ஈரக் கோட்டு, எல்லாம் சேர்ந்ததுதான் அது என்றாள். நிபுணர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய், கடைசியில் எலுமிச்சை மணத்தைத் தெரிவு செய்தார். செயலகம் முன்னர் திறந்த இரண்டு நினைவகங்களிலும் விருந்தினர்கள் அதற்குத்தான் முறைப்பாடு செய்யவில்லையாம்.

இதெல்லாம் மிஸ் டெல்றோஸைக் கேட்டால் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்று அன்ரனெற் சொல்லிப் பார்த்தாள். உயிரோடு இருக்கிறா, ஒஷாவாவில்தான் இருக்கிறா, போன் நம்பர் தன்னிடம் இருக்கிறது என்றாள்.

வெதர்பி கண்ணை மூடித் திறந்தார். மிஸ் டெல்றோஸ் மீது செயலகத்துக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனால் ஒன்பதாவது விதி இருக்கிறது என்றார். ஓர் இடத்தோடு தனிப்பட்ட தொடர்புள்ளவர், அந்த இடத்தைப் பற்றிய ஆலோசனையில் பங்குபற்ற முடியாது. பக்கச்சார்பு வந்துவிடும்.

"உங்கள் விடயத்தில் அந்தச் சிக்கல் இல்லை," என்றார் அவர், உண்மையான அன்போடு. "நீங்கள் அங்கே இருந்தீர்கள். ஆனால் அது உங்களுடையதல்ல. எங்களுக்கு வேண்டியது அதுதான்."

அன்ரனெற்றுக்கு அது புகழ்ச்சியா இல்லையா என்று தெரியவில்லை. நினைவு உரிமைப் பத்திரம் என்று ஒன்றை நீட்டினார்கள்; தனக்கு ஞாபகமிருக்கிற எல்லாவற்றையும் செயலகம் பாவிக்கலாம் என்று ஒப்பமிட்டாள். இரவல் வாங்கிய நகையை ஆருக்கோ கழற்றிக் கொடுத்த மாதிரி அன்று முழுக்க மனதுக்குள் ஒரு உறுத்தல். மிஸ் டெல்றோஸுக்குப் போன் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். நாளைக்குச் சொல்வோம் என்று விட்டாள். பிறகு அது சொல்ல முடியாத அளவுக்குப் பழசாகிவிட்டது.

அவளையே வழிகாட்டியாக நியமித்தார்கள். கழுத்தில் அட்டை. அதில் 'நினைவுத் தூதுவர்' என்று போட்டிருந்தது.

சலூன் திறந்தது. விற்றுப்போன பழைய கதிரைகளையே தேடி வாங்கியிருந்தார்கள்; அவை சரியான பக்கம் பார்த்து இருந்தன. ஒவ்வொரு கதிரையிலும் ஒரு பொம்மைப் பெண். சுற்றிவரக் கயிறு. இரும்புச் சீப்பு கண்ணாடிப் பெட்டிக்குள், கீழே ஒரு சிட்டை: 'சீப்பு'. சுவரில் மிஸ் டெல்றோஸின் ஆளுயரப் படம். அன்ரனெற் தன்னுடைய அல்பத்திலிருந்து கழற்றிக் கொடுத்தது. பக்கத்தில் அன்ரனெற்றும் நின்ற படம்தான். பெரிதாக்கும்போது அவளை வெட்டிவிட்டார்கள்.

மனப்பாடம் செய்யச் சொல்லி ஒரு உரை கொடுத்தார்கள். பத்து நிமிடம் எடுக்கும். அது அந்த மனுசி வந்த கதையில் தொடங்கி, கடை பெருகிய கதைக்குப் போய், 'காலப்போக்கில் அந்தச் சமூகம் இங்கிருந்து நகர்ந்தது' என்ற வசனத்தில் இறங்கி, 'மிஸ் டெல்றோஸ் இன்று எம்மத்தியில் இல்லை' என்று முடிந்தது.

இரண்டு வசனமும் பிழை என்றாள் அன்ரனெற். ஆக்கள் நகரவில்லை, வீதியைக் கிண்டி வாடகையைக் கூட்டினவை. மிஸ் டெல்றோஸ் சாகவும் இல்லை.

நிலக்சி கொஞ்சம் சங்கடப்பட்டாள். கட்டிடத்தின் இப்போதைய சொந்தக்காரர் செயலகச் சபையில் இருக்கிறார், நல்ல மனுசன், இடத்தை விட்டுத் தந்ததே அவர்தான் என்றாள். "மற்றது அன்ரி, அவ செத்திட்டா எண்டு நாங்கள் சொல்லேல்லைத்தானே. எம்மத்தியில் இல்லை. அவ ஒஷாவாவில. டெக்னிக்கலி, கரெக்ற்."

திறப்பு விழாவில் வெதர்பி பேசினார். ஒரு அயலை மீட்பதில் மிகப் பெரிய தடை அந்த அயலில் உள்ள மக்களின் வேறுபட்ட கருத்துகள்தான் என்றும், இங்கே அந்தத் தடை இயல்பாகவே நீங்கியிருந்ததால் வேலை குறித்த காலத்துக்கு முன்னரே முடிந்தது என்றும் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். தபால் குறியீட்டின்படி அழைக்கப்பட்ட அயலவர்கள் வந்திருந்தார்கள்; அநேகமாக, மூலையில் புதிதாக எழுந்த கண்ணாடி மாடிக்காரர்கள். அந்தக் கூட்டத்தில் பின்னிய தலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இரண்டாவது கதிரைப் பொம்மையின் தலை.

விழா முடிந்தபின் நாட்கள் நீண்டன. காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அன்ரனெற் பொம்மைகளோடு நின்றாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிழமைக்கு ஒருதரம் வந்தார்கள். மற்றபடி ஆளில்லை. 'எம்மத்தியில் இல்லை' என்று சொல்லும்போது வந்தவர்கள் தலையைக் குனிந்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அன்ரனெற் அந்த நேரம் சீப்புப் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

கஷ்டம் உண்மையான வாடிக்கையாளர் வரும்போதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை பிறம்ரனிலிருந்து ஒருத்தி, ஆஸ்பத்திரிக்கு வந்தவள், வழியில் சலூனுக்குள் வெளிச்சத்தைக் கண்டு ஓடி வந்துவிட்டாள். சால்வையைக் கழற்றிக்கொண்டே, கடவுள் கண் திறந்துவிட்டார், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டாள். சொல்ல வேண்டியதை உரையின் பின்னிணைப்பில் எழுதியிருந்தார்கள். அன்ரனெற் அதைச் சொன்னாள்: இது தலையலங்காரத்தைக் கொண்டாடும் இடம், செய்யும் இடம் அல்ல. அந்தப் பெண் பொம்மைகளைப் பார்த்தாள். பிறகு அன்ரனெற்றைப் பார்த்தாள். சால்வையைத் திரும்பக் கட்டிக்கொண்டு போனாள். அவள் பெயர் மார்வா என்றும், கழுத்துப் பக்கம் தண்ணீர் சூடாகப் படக்கூடாது என்றும் அன்ரனெற்றுக்கு ஞாபகமிருந்தது. அவளுக்கு அன்ரனெற்றை ஞாபகமிருந்ததா தெரியாது. அன்று பின்னேரம் அன்ரனெற் மேலே போய்ச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாள்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, இரண்டு மணிப் பார்வையாளர் சுற்றுக்கு ஒரேயொரு பெயர் பதிவாகியிருந்தது. டி. பென்னன்ற். அன்ரனெற் அதைக் கவனிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் மிஸ் டெல்றோஸின் குடும்பப் பெயரைச் சொல்லவேண்டி வந்ததே இல்லை.

கதவு திறந்தது. ஊதாக் கோட்டு, அதே நிறத் தொப்பி, கையில் ஒரு தடி. எழுபத்தொரு வயது. முன்னரைவிடக் கொஞ்சம் சின்னதாகிப் போயிருந்தாள். வாசலிலேயே நின்று, போனில் இருந்த பதிவுச் சீட்டை நீட்டினாள். அதைச் சரிபார்ப்பது அன்ரனெற்றின் கடமை. சரிபார்த்தாள்.

இருவரும் கதைப்பது இங்கிலிஷ்தான். ஆனால் மிஸ் டெல்றோஸ் சொல்வது அன்ரனெற்றின் காதுக்குள் போகும்போதே தமிழாகிவிடும், எப்பவும் அப்படித்தான்.

"என்ர மகள் கொம்பியூட்டரில என்ர படத்தைக் கண்டவள்," என்றாள் மிஸ் டெல்றோஸ். "பத்து நிமிசக் கதை ஒண்டு இருக்காமே. சொல்லு, கேப்பம்."

அன்ரனெற் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். மிஸ் டெல்றோஸ் தடியால் தரையை ஒருதரம் தட்டினாள். கதையைச் சொல்லு என்றாள்.

அவள் சொன்னாள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், பழகிய வாய் தன்பாட்டில் ஓடியது. கயிற்றோரம் நடத்தி, முதலாம் கதிரை, இரண்டாம் கதிரை, தலை கழுவும் தொட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் சீப்பு என்று காட்டினாள். தன்னுடைய கடையைத் தனக்கே ஒருத்தி சுற்றிக்காட்ட, அந்த மனுசி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். 'காலப்போக்கில் நகர்ந்தது' என்ற இடத்தில் "ஓகோ" என்றாள்.  கடைசி வசனம் வந்தது. அன்ரனெற்றின் வாய் நின்றுவிட்டது.

"அடுத்தது என்ன?"

"அவ்வளவுதான்."

"இல்லை. இன்னும் ஒரு வரி இருக்கு. எனக்குத் தெரியும், மகள் வாசிச்சுக் காட்டினவள்."

அன்ரனெற் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "மிஸ் டெல்றோஸ் இன்று எம்மத்தியில் இல்லை."

 எலுமிச்சை மணம் சுவரிலிருந்த பெட்டியிலிருந்து ஒருதரம் புஸ்ஸென்று அடித்தது.

"எத்தினை பேருக்குச் சொல்லிப்போட்டாய்?"

"நானூறு பேர் இருக்கும்."

மிஸ் டெல்றோஸ் தலையை ஆட்டினாள். பிறகு தடியால் கயிற்றைத் தூக்கி, குனிந்து உள்ளே போய், தொட்டிக்கு முன்னாலிருந்த பொம்மையைத் தூக்கித் தரையில் கிடத்திவிட்டு, அந்தக் கதிரையில் உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றினாள். நரைத்த தலை, நாலாய்ப் பிரித்துக் கட்டியிருந்தது. பின்பக்கம் ஒழுங்காகக் கட்டுப்படவில்லை. தோள்மூட்டு நோவு, கை பின்னுக்குப் போகுதில்லை என்றாள். நாற்பது வருடம் ஊரின் தலையெல்லாம் செய்தவளுக்கு இப்போது தலை கழுவி விட ஆளில்லை. மகள் வேலைக்குப் போகிறாள், பேத்திமாருக்கு நேரமில்லை.

"நான் செத்திட்டன் எண்டால் என்னைக் கழுவத்தானே வேணும்," என்றாள். "கழுவு."

கயிற்றைத் தாண்டினால் இங்கேயும் செயலகத்திலும் அடிக்கிற மணி அடித்துக்கொண்டிருந்தது. அன்ரனெற் பைப்பைத் திறந்தாள். ஒரு சொட்டும் வரவில்லை. தொட்டியைக் கொழுவினார்களே தவிர, தண்ணீர்க் குழாயைக் கொழுவவில்லை. அது காட்சிக்குத் தேவைப்படவில்லை. அவள் ஒருகணம் நின்றாள். பிறகு கழுத்து அட்டையைக் கழற்றி, இரண்டாவது பொம்மையின் மடியில் வைத்துவிட்டு, படியேறி மேலே போனாள். கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து, வாளியில் பச்சைத் தண்ணீரோடு கலந்து, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, தன்னுடைய ஷாம்பூவையும் துவாயையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

மணிச் சத்தத்துக்குச் செயலகத்திலிருந்து வெதர்பியும் நிலக்சியும் வந்து சேர இருபது நிமிடம் பிடித்தது. அதற்குள் இரண்டாம் தரம் நுரை போட்டாகிவிட்டது. தரையெல்லாம் தண்ணீர். வெதர்பி கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டார். அவருக்குக் கோபம் வரவில்லை, கவலை வந்தது. இந்த இடத்துக்குத் தலையலங்கார அனுமதி இல்லை, காப்புறுதி இல்லை, அந்தக் கதிரை ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தொன்றாம் ஆண்டினது என்றார்.

"எண்பத்தி மூண்டு," என்றாள் மிஸ் டெல்றோஸ், கண்ணைத் திறக்காமல். "வாங்கினது நான்."

நிலக்சி மெதுவாக, இவதான் அவ என்று வெதர்பியின் காதுக்குள் சொன்னாள். வெதர்பி ஆளுயரப் படத்தைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார். சந்தித்ததில் மிகுந்த மகிழ்ச்சி, முறைப்படி ஒரு விண்ணப்பம் அனுப்பியிருந்தால் வரவேற்புக்கு ஏற்பாடு செய்திருப்போமே என்றார். பிறகு அன்ரனெற்றிடம், கையை எடுக்கும்படி கேட்டார்.

அன்ரனெற் தன் வாழ்க்கையில் கடதாசியோடு வந்த எந்த மனுசனுக்கும் மாட்டன் என்று சொன்னதில்லை. இராணுவக்காரனுக்குச் சொன்னதில்லை, விமானநிலையத்தில் சொன்னதில்லை, வாடகைக் கடிதத்துக்குச் சொன்னதில்லை.

"நுரை கண்ணுக்குள்ள போயிடும்," என்றாள். "கழுவிப்போட்டு எடுக்கிறன்."

கழுவினாள். துடைத்தாள். நாலாய்ப் பிரித்து, எண்ணெய் வைத்து, பின்பக்கத்தையும் இறுக்கிக் கட்டினாள். நிலக்சி எங்கிருந்தோ ஒரு துடைப்பத்தை எடுத்துவந்து, தரைத் தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்தாள். மிஸ் டெல்றோஸ் எழுந்து கண்ணாடியில் ஒருதரம் பார்த்தாள். போகும்போது அன்ரனெற்றின் கன்னத்தில் ஈரக்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். அதை மன்னிப்பாக எடுப்பதா கணக்குத் தீர்ந்ததாக எடுப்பதா என்று அவளுக்கு விளங்கவில்லை.

நாலாம் நாள் கடிதம் வந்தது. பணியிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். குற்றம், காட்சிப் பொருட்களை அனுமதியின்றித் தொட்டமை. கீழே விபரம்: கதிரை ஒன்று, தொட்டி ஒன்று, முன்னாள் உரிமையாளர் ஒருவர்.

புதிய தூதுவரை அவர்கள் தேடவில்லை. அந்தத் தபால் குறியீட்டில் பழைய ஆள் வேறு இல்லை. ஒரு கிழமை கழித்து, சுவரில் ஒலிபெருக்கி பூட்டினார்கள். அன்று காலை அன்ரனெற் மேலே தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தபோது, கால்களுக்குக் கீழே ஒரு பெண் பேசத் தொடங்கினாள். வடிவான, தெளிவான இங்கிலிஷ்.

"என் பெயர் அன்ரனெற். இருபத்திரண்டு வருடங்கள் நான் இந்தத் தரையைக் கூட்டினேன்."

நினைவு உரிமைப் பத்திரத்தில் அதற்கும் இடம் இருந்திருக்கிறது. அரை மணிக்கு ஒருதரம் அந்தப் பெண் பேசினாள். தான் கடல் கடந்து வந்ததைச் சொன்னாள், சலூனில் இங்கிலிஷ் பழகியதைச் சொன்னாள், புருஷன் செத்ததைக்கூட ஒரு சின்ன இடைவெளி விட்டு உருக்கமாகச் சொன்னாள். மேலே, உண்மையான அன்ரனெற் அன்றைக்கு ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் பின்னேரம், செருமிப் பார்த்துவிட்டு, மிஸ் டெல்றோஸின் நம்பரைச் சுழற்றினாள். ஒன்றும் விளக்கவில்லை. போனைத் தரையில் வைத்துப் பிடித்தாள்.

கீழே அந்தப் பெண்ணின் கதை முடிந்ததும் போனைத் திரும்பக் காதில் வைத்தாள்.

"ஆர் உது கதைக்கிறது?" என்றாள் மிஸ் டெல்றோஸ்.

"நான்தானாம்."

 அந்தப் பெண்ணுக்குத் தலை கழுவத் தெரியுமோ என்று மறுபக்கத்திலிருந்து கேள்வி வந்தது. தெரியாதென்றுதான் நினைக்கிறேன் என்றாள் அன்ரனெற்.

"அப்ப நீ வா. சனிக்கிழமை மகள் வீட்டு நிலவறையில மூண்டு பேருக்குத் தலை செய்யிறன். சேர்ச் ஆக்கள். நிண்டுகொண்டு கழுவ என்ர முழங்கால் விடுதில்லை."

ஒஷாவா தூரம். பஸ், சுரங்க ரயில், கோ என்கிற புறநகர் ரயில், திரும்பவும் பஸ். சனிக்கிழமை காலை கறுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு அன்ரனெற் படியிறங்கினாள். சலூனில் வெளிச்சம் இருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. பொம்மைகளுக்கு அந்தப் பெண் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு நிமிடம் நின்று கேட்டாள் அன்ரனெற். கதை முடிந்த பிறகு குரல் சொல்வது மாடிவரை தெளிவாகக் கேட்டதில்லை.

"உங்களுக்குக் கேள்விகள் இருந்தால் தயங்காமல் என்னிடம் கேளுங்கள்," என்றது குரல்.

பிறகு கேள்விக்கென்று விட்டிருந்த இடைவெளி. கண்ணாடிக்கு வெளியே அவள் காத்து நின்றாள். இருபது விநாடி இருக்கும்.

"மிக நல்ல கேள்வி," என்றது குரல். "நன்றி."

பஸ் வந்துகொண்டிருந்தது. அன்ரனெற் வீதியைக் கடந்தாள்.